செம்புத் தேக்சாவில் வார்த்த கல்

அத்தியாயம் 11

திங்கட்கிழமை அரிசிச் சாக்கு இரண்டு காணாமல் போயின. செவ்வாய்க்கிழமை எண்ணெய் வாங்கிய இருபது லிட்டர் கேன்கள் இரண்டு. புதன்கிழமை நூர்நிஷாவின் பழைய ரப்பர் செருப்பு ஒரு ஜோடி.

முதலில் அவள் குரங்குகளின் மேல்தான் பழியைப் போட்டாள். குற்றாலத்தில் சீசன் தொடங்கி, அருவிக்கரையில் கூட்டம் தாங்காமல் போனால், அங்கிருக்கும் குரங்குகள் மேலகரத்துக்கு ஓய்வெடுக்க வந்துவிடும். சோப்பு டப்பா முதல் செல்போன் வரை அவை கை வைக்காத பொருள் கிடையாது.

ஆனால் எந்தக் குரங்காவது சாக்கிலிருந்த அரிசியை ஒரு மணி சிந்தாமல் டிரம்மில் கொட்டிவிட்டு, வெறும் சாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போகுமா? போதாததற்கு டிரம்மின் மூடியையும் இறுக்கி மூடியிருந்தது அந்தக் குரங்கு.

"நம்ம வீட்டுக் குரங்குதான்" என்று நூர்நிஷா முடிவு கட்டினாள்.

அந்த வீட்டில் ஆண் என்று இருப்பவர் ஒருவர்தான். நூர்நிஷாவின் கணவர் பீர் மைதீன், வயது அறுபத்தொன்று. சவுதியின் தம்மாமில் முப்பத்தோரு வருடம் கிரேன் ஓட்டிவிட்டு, நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரேயடியாக ஊர் வந்து சேர்ந்தவர். அவர் சுண்டு விரலால் ஒரு பிடியைத் தள்ளினால் நாற்பது டன் இரும்பு எட்டாவது மாடிக்குப் போகும். பாலைவனத்து ஒட்டகமெல்லாம் மேய்ச்சலை விட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கும்.

அப்பேர்ப்பட்டவரால்தான் போன வாரம் ஒரு கேஸ் சிலிண்டரை வாசற்படி தாண்டித் தூக்க முடியவில்லை. குனிந்தார். முதுகில் மின்னல் வெட்டியது. குனிந்தபடியே நின்றுவிட்டார். அடுப்படியிலிருந்து வந்த நூர்நிஷா, "கொஞ்சம் தள்ளிக்கிடுங்க" என்று சொல்லி, சிலிண்டரை ஒரு வீச்சில் இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள். போகிற போக்கில் பால் பொங்கிய அடுப்பையும் மறு கையால் அணைத்தாள்.

மூன்றாவது வீட்டு ஆவுடைத்தாய் அதைப் பார்த்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் செய்தி கீழப்பாவூர் போய் இரண்டு சிலிண்டராகத் திரும்பி வந்தது. கடையநல்லூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் போன் போட்டு, "மூணு சிலிண்டராமே?" என்று கேட்டார்கள்.

அன்றிலிருந்து பீர் மைதீன் பேச்சைக் குறைத்துவிட்டார். விடிகாலைத் தொழுகை முடித்து வந்ததும் மொட்டைமாடிக்குப் போவார். மத்தியானம் தாடியில் வெள்ளைத் தூசியோடு இறங்குவார். சோற்றைத் தின்றுவிட்டு மறுபடி ஏறிவிடுவார். கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் மகள் ஹம்னா, செல்போனும் அளவு நாடாவுமாக அவர் பின்னாலேயே போவாள்.

'பாவம், வெக்கப்பட்டுப் போனாவ' என்று நூர்நிஷா ஐந்து நாள் மேலே எட்டிப் பார்க்காமல் இருந்தாள். அவளுடைய ஆர்வத்துக்கு ஐந்து நாள் என்பது ஐந்து யுகம். கறிவேப்பிலை விற்பவன் இரண்டாம் முறை தும்மினாலே காரணம் கேட்கிறவள் அவள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆவுடைத்தாயின் குரல் அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் வந்தது.

"ஏ நூரு! இருக்கியாட்டி?"

"வாங்க ஆவுடைக்கா. டீ போடவா?"

"டீயெல்லாம் வேண்டாம். ஞாயித்துக்கிழமை பேரனுக்குக் காதுகுத்து. கறிச்சோறு ஆக்கணும். உன் தேக்சாவைக் குடு. அலுமினியச் சட்டியில ஆக்குனா எங்க சம்பந்தகாரி ஒரு வருசத்துக்கு அதையே சொல்லிக்கிட்டுத் திரிவா."

ஆவுடைத்தாய் கேட்டது ஏதோ ஒரு சட்டியை அல்ல. மூன்று படி அரிசி வேகும் செம்புத் தேக்சா. பானை போல வயிறு பெருத்து, கழுத்துச் சிறுத்து, காதுக்கு ஒன்றாக இரண்டு வளையம் போட்டது. உள்ளே ஈயம் பூசியிருக்கும். விளிம்பில் புள்ளி புள்ளியாக 'ஹைருன் பீவி' என்று வெட்டியிருக்கும். நூர்நிஷாவின் உம்மா பெயர் அது. கல்யாணத்தன்று மகளிடம் அதைக் கொடுக்கும்போது அந்த அம்மாள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: யார் வந்து கேட்டாலும் இல்லை என்று சொல்லாதே.

நூர்நிஷா சொன்னதில்லை. தேக்சா சாதி மதம் பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் போனது. தெருவில் அதற்கென்று ஒரு வழக்கமும் உண்டாகிவிட்டது. வாங்கிப் போனவர்கள் அதை வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள். அதில் ஆக்கியதில் ஒரு கிண்ணமாவது உள்ளே இருக்கும். மேலகரத்துக் கல்யாணச் சோறு அத்தனையையும் நூர்நிஷா பத்திரிகை இல்லாமலே சாப்பிட்டிருக்கிறாள். அந்தத் தேக்சா அடுப்பேறாத கல்யாணம் சட்டப்படிச் செல்லாது என்றுகூட ஒரு பேச்சு உண்டு.

"சாயங்காலம் ஆள் அனுப்புங்க அக்கா. தேய்ச்சு வைக்கேன்."

"இவுகளே நாலு மணிக்கு லோடு ஆட்டோ கொண்டாருவாவ." எழுந்த ஆவுடைத்தாய் மறுபடி உட்கார்ந்தாள். "அப்புறம் நூரு, அடுத்த ஞாயிறு மைதானத்துல கல்லு தூக்குத போட்டி நடக்குல்லா? சாரல் நண்பர்கள் மன்றம் நடத்துதது."

"ஆமா, உங்க வீட்டு அண்ணாச்சிதானே தலைவரு?"

"தலைவருதான். உங்க வீட்டுப் பேரு ஒண்ணு லிஸ்டுல இருக்காம். யாரு பேருன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்காவ. ரிட்டயர் ஆனாலும் போலீஸ் ரகசியமாம். உனக்குத் தெரியுமா?"

நூர்நிஷாவின் கையிலிருந்த முருங்கைக்கீரை தரையில் விழுந்தது.

தென்காசி டாக்டர் சொன்னது அவளுக்கு மனப்பாடம். "முப்பது வருஷம் கேபினில் உட்கார்ந்த முதுகு, பாய். டிஸ்க் விலகியிருக்கு. ஒரு குடம் தண்ணிக்கு மேல தூக்குனீங்கன்னா, அப்புறம் உங்களை நாலு பேர் தூக்க வேண்டி வரும்."

சிலிண்டரால் மானம் போன வீம்பில் இந்த மனுஷன் கல்லைத் தூக்கப் போகிறார்!

ஆவுடைத்தாய் போனதும் சாமான் அறைக்கு ஓடினாள். தேக்சாவை எடுத்து வைத்துவிட்டு அவரைப் பிடிக்கலாம் என்று எண்ணம். உள்ளே தேக்சா இருந்த இடத்தில் தூசிக்கு நடுவே ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

ஊர்க்கதையெல்லாம் பேசி ஆவுடைத்தாய் கிளம்பவே மணி ஒன்றாகியிருந்தது. பீர் மைதீன் மதிய லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். மாடிக்குப் போக வீட்டுக்கு வெளியே இரும்புச் சுழல்படி ஒன்றுதான் வழி. ஒல்லியான ஆளே மூச்சை அடக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். அதன் மூன்றாவது படியில் ஹம்னா, கோட்டை வாசல் காவலாளி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"எங்க போறீங்க உம்மா?"

"துணி காயப்போட."

"கையில துணி இல்லயே."

"உன்னையத்தான் காயப்போடப் போறேன். வழிய விடுட்டி."

மாடியில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள்.

அவளுடைய மொட்டைமாடி போர்க்களமாகவும் இல்லை, குப்பைமேடாகவும் இல்லை. எல்லாம் வரிசையாக, சுத்தமாக, காவல் நிலையத்தில் பறிமுதல் செய்த பொருட்களைப் பத்திரிகைக்காரர்களுக்காக அடுக்கிவைத்தது போல இருந்தன. காணாமல் போன சாமான் ஒவ்வொன்றும் வேறு பிறவி எடுத்திருந்தது.

"என்னட்டி இதெல்லாம்?"

ஹம்னாவுக்கு வாய் நமைச்சல். ஐந்து நாளாக அடக்கி வைத்திருந்ததைக் கொட்டிவிட்டாள். "வெளிநாட்டுல பெரிய பெரிய பயில்வான்கள் தூக்குவாங்கள்லா, அந்தச் சாமானெல்லாம் உம்மா. கடையில வாங்க வேண்டாம், வீட்டுலயே செய்யலாம். புதுசாப் பழகுதவங்களுக்கு இது போதும். இது மணல் மூட்டை. ஆத்து மணலை உள்சாக்குல போட்டு, வாயைக் கட்டி, வெளிச்சாக்குக்குள்ள தலைகீழா வச்சுத் தைக்கணும். அப்பதான் சிந்தாது."

"முக்காவாசிதான இருக்கு?"

"அதான் சூட்சுமம். நெறைய அடைச்சா வெறச்சுக்கிட்டு நிக்கும், தூக்கச் சுலபம். கொஞ்சம் கொறச்சா நழுவும், நெளியும். அப்பதான் உடம்பு முழுக்க வேலை செய்யும். மொத வாரம் பதினஞ்சு கிலோ. நல்லாப் பழகுன பிறகுதான் மணலைக் கூட்டணும், அவசரப்படக் கூடாதுன்னு வாப்பா சொல்லிட்டாங்க."

நூர்நிஷா குனிந்து மூட்டையை ஒரு தட்டுத் தட்டினாள். முரண்டு பிடிக்கிற ஆட்டுக்குட்டியைத் தூக்குவது போல நெஞ்சோடு சேர்த்துத் தூக்கினாள். கீழே வைத்தாள். மறுபடி தூக்கினாள்.

"இது?"

"கேன்ல பாதி தண்ணி. கைப்பிடிக்குக் குழாய்த் துண்டு போட்டு, வழுக்காம இருக்க சைக்கிள் டியூப்பைச் சுத்தியிருக்கு. ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு அந்தக் கடைசி வரை நடக்கணும். இது ஒரு பயிற்சி."

"தண்ணி தூக்கிக்கிட்டு நடக்கதா?"

"ஆமா."

"இதுக்குப் பேரு பயிற்சியா? குழாயடியில இருந்து நான் தூக்குன தண்ணிய ஒண்ணாச் சேத்தா குண்டாறு டேமு ரெண்டு தடவை நெறஞ்சிருக்கும். எனக்கு யாராவது கை தட்டுனாங்களாட்டி?"

சொல்லிக்கொண்டே கேன்களைத் தூக்கி நடந்தாள். தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்பினாள். இன்னொரு தடவை போனாள். மூன்றாவது தடவை போகும்போது அவளையறியாமல் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. தோள் இரண்டும் பின்னால் போய், முதுகு நிமிர்ந்து, பெருநாளைக்குப் புதுச் சேலை கட்டியது போல ஒரு நடை.

கயிறு கட்டி இழுக்கிற லாரி டயர், மணல் நிரப்பி இரண்டு பக்கமும் மூடிய பெரிய பிளாஸ்டிக் குழாய், தொட்டித் தூணில் கட்டிக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டிய இரும்புக் குழாயில் தொங்கும் கிணற்றுக் கப்பி என்று எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு. கீழே பலகையில் இரண்டு பாதத்தின் வரைபடம். நிற்க வேண்டிய இடம்போல. பக்கத்தில் அவளுடைய ரப்பர் செருப்பு.

பாதம் சின்னதாக இருந்தது. கைப்பிடியும் அவள் பிடிக்குச் சரியாக இருந்தது. சுவர்க் கோடு அவள் இடுப்புக்கு நேராக வந்தது.

"ஏட்டி, உங்க வாப்பா பனைமரம் மாதிரி ஒசரம். இதெல்லாம் அவுகளுக்குப் பத்தாதே?"

ஹம்னா வானத்தைப் பார்த்தாள். "சாரல் வரும்போல இருக்கு உம்மா."

அப்போதுதான் நூர்நிஷாவின் கண்ணில் மூலையில் நீலத் தார்ப்பாய் பட்டது. தார்ப்பாய்க்கு அடியில் உருண்டையாக ஏதோ இருந்தது. இரண்டு எட்டில் போய் இழுத்தாள்.

ஹைருன் பீவி தேக்சா. கழுத்தளவுக்குச் சிமென்ட். தட்டிப் பார்த்தாள். கல்.

யா அல்லாஹ் என்று அவள் போட்ட சத்தத்தில், தொட்டி மேல் இருந்த குரங்குகள் அன்றைக்கே குற்றாலத்துக்குக் குடி திரும்பியதாகச் சொல்கிறார்கள்.

பள்ளியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பீர் மைதீன் தெருமுனையிலேயே அதைக் கேட்டுவிட்டார். முதுகைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார்.

"என்னங்க இது?"

"கல்லு, நூரு."

"எதுல இருக்கு?"

"தேக்சால."

"எப்படி வெளிய எடுப்பீக?"

பீர் மைதீன் தேக்சாவின் வயிற்றைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். தாடியைச் சொறிந்தார்.

"உருண்டைக் கல்லு தூக்குததுதான் போட்டியில பெரிய ஐட்டம். அச்சுக்கு உருண்டையா ஒண்ணு வேணும்னு ஊரெல்லாம் தேடுனேன். இதைவிட அழகான உருண்டை இந்தத் தாலுகாவுலயே கெடையாது. ஒட்டாம இருக்க ஒரு பாட்டில் தேங்காண்ணெய் தடவித்தான் ஊத்துனேன்."

"வாயி சின்னதா இருக்கதைப் பாக்கலியா?"

"வாயை யோசிக்கல."

யோசித்திருக்க மாட்டார்தான். முப்பத்தோரு வருடமாக அவர் வேலை மேலிருந்து உள்ளே இறக்கி வைப்பதோடு முடிந்துவிடும். வெளியே எடுப்பதற்குக் கம்பெனியில் வேறு ஆள் இருந்தான்.

"உங்க டிஸ்க்கு கெடக்க கெடைக்கு நீங்க கல்லு தூக்கப் போறீகளா? கோட்டி புடிச்சிருக்கா? பேரு வேற குடுத்துட்டு வந்திருக்கீக!"

"நான் எதுக்குத் தூக்குதேன்?" பீர் மைதீன் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "குடுத்தது என் பேரு இல்லயே."

"பின்ன?"

"நூர்நிஷா. வயசு அம்பத்தி நாலு. மேலகரம்."

கப்பி காற்றில் கிறீச்சிட்டது.

"அன்னைக்கு சிலிண்டரைத் தூக்கிட்டுப் போனியே" என்றார் பீர் மைதீன். "நான் வெக்கத்துல நிக்கல நூரு. முதுகு புடிச்சு நின்னேன், அது வேற. ஆனா பாத்துக்கிட்டே நின்னேன். ஒரு ஆட்டம் இல்ல, ஒரு சாய்வு இல்ல. நான் கிரேன் ஓட்டினவன். எது தூக்கும், எது தூக்காதுன்னு பாத்த உடனே சொல்லிருவேன். எத்தனையோ தேசத்து மெசினு பாத்தாச்சு. இப்படி ஒண்ணு நம்ம வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு, நான் அங்கன கெடந்திருக்கேன்."

"நான் மெசினா?"

"நல்ல மெசினுன்னு சொல்லுதேன்."

"அப்ப அஞ்சு நாளாப் பேசாம இருந்தது?"

"அளவெடுத்துக்கிட்டு இருந்தேன்."

நூர்நிஷாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் ஓரடி முந்திக்கொண்டது. "என்னைய ஒரு வார்த்த கேட்டீகளா? ஊரு முன்னால சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு நான் கல்லு தூக்கணுமா? பேரை அடிக்கச் சொல்லிருங்க."

"சரி" என்றார் பீர் மைதீன். அந்தச் சரிதான் அவளை என்னவோ செய்தது.

"மொதல்ல எங்க உம்மா தேக்சா. நாலு மணிக்கு அண்ணாச்சி வந்துருவாக. இத்தனை வருசத்துல இல்லன்னு யாருக்கும் சொன்னதில்ல நான்."

உளியை வைத்து ஒரு அடி அடித்தார்கள். செம்பு முனகியது. "நிறுத்துங்க" என்றாள் நூர்நிஷா. தென்காசியில் பாத்திரம் ஒட்டுகிற எபனேசருக்குப் போன் போட்டார்கள். அவர் விவரத்தைக் கேட்டு முழுசாக இரண்டு நிமிடம் சிரித்துவிட்டு, "வயித்தைக் கீறித்தான் எடுக்கணும். கீறி ஒட்டுனா அடுப்புல நிக்காது. இருந்தாலும் கொண்டாங்க, பாப்போம்" என்றார்.

கொண்டு போவதற்கு முதலில் கீழே இறக்க வேண்டும். மேலே போகும்போது அது வெறும் சட்டி. சிமென்டைக் கால் கால் வாளியாக ஹம்னா சுமந்திருந்தாள். இப்போது ஐம்பது கிலோவுக்குக் குறையாது. சுழல்படியில் இரண்டு பேர் பிடித்து இறங்க இடம் கிடையாது. ஒருவர் இறக்கலாம் என்றால், அந்த ஒருவர் யார் என்று மூன்று பேரும் யோசித்தார்கள்.

பீர் மைதீனின் பார்வை கப்பிக்குப் போனது.

அந்த நிமிடத்தில் அவர் முதுகுவலிக்காரர் இல்லை. முதலில் டயரைக் கப்பியில் கட்டிக் கீழே இறக்கச் செய்து, ஹம்னாவை விட்டு அதைக் கப்பிக்கு நேர் கீழே போட வைத்தார். "அடியில மெத்தை போடாம எவனும் பாரம் இறக்கக் கூடாது." வளையம் இரண்டிலும் கயிற்றைக் கோத்தார். இரும்புக் குழாயை மூன்று தடவை ஆட்டிப் பார்த்தார். கயிற்றின் மறு முனையைத் தொட்டித் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி நூர்நிஷா கையில் கொடுத்தார்.

"நீ சட்டியைப் பாக்காத. என் கையைப் பாரு. நான் எதுத்தாப்புல தெருவுல நிப்பேன். உள்ளங்கை கீழ பாத்து ஆடுனா இறக்கு. முஷ்டிய மூடுனா நிறுத்து. வேற யாரு என்ன கத்துனாலும் கேக்காத."

சரியாக நான்கு மணிக்கு லோடு ஆட்டோவோடு ஆவுடைத்தாயின் வீட்டுக்காரர் நல்லக்கண்ணு வந்தார். பின்னாலேயே ஆவுடைத்தாய். நல்லக்கண்ணு போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது தொப்பியைக் கொடுத்தார், பெல்ட்டைக் கொடுத்தார், விசிலை மட்டும் கொடுக்க மறந்துவிட்டார். அது இன்னும் அவர் கழுத்தில்தான் கிடக்கிறது.

"என்ன வே பாய், வீட்டுக்குள்ள துறைமுகம் கட்டுதீரா?"

"பேசாம நில்லும் வே. லோடு இறங்குது."

நூர்நிஷா தேக்சாவைக் கைப்பிடிச் சுவர் தாண்டி வெளியே விட்டாள். கயிறு முறுகியது. தோளில், முதுகில், தொடையில் பாரம் வந்து உட்கார்ந்தது. காலைப் பலகையில் வரைந்திருந்த பாதத்தின் மேல் வைத்தாள். இம்மி பிசகாமல் பொருந்தியது. பாரம் பாதி குறைந்த மாதிரி இருந்தது.

தெருவில் பீர் மைதீனின் கை மெல்ல ஆடியது. அவள் ஒரு முழம் விட்டாள். முஷ்டி. நிறுத்தினாள். கை ஆடியது. இன்னொரு முழம். முப்பத்தோரு வருடத்தில் அவர்கள் போனில் பேசியதைவிட அந்தப் பத்து நிமிடத்தில் பேசியது அதிகம். ஒரு சொல்லும் இல்லாமல் பேசினார்கள். போகிற வருகிறவர்கள் நின்றார்கள். பால்காரர் நின்றார். குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு திரும்பிய ஒரு வேன் ஆட்களும் நின்றார்கள்.

அப்போது சாரல் விழுந்தது. நைலான் கயிறு நனைந்தது.

வேனைப் பார்த்த நல்லக்கண்ணுவுக்குப் பழைய ரத்தம் சூடேறியது. "ஏய், வண்டிய ஓரங்கட்டு!" என்று விசிலை எடுத்து ஊதினார்.

நூர்நிஷா திடுக்கிட்டாள். கயிறு நாலடி வழுக்கியது. முஷ்டியை மூடினார் பீர் மைதீன். அவள் பல்லைக் கடித்துப் பிடித்தாள். உள்ளங்கை எரிந்தது, பிடி நிற்கவில்லை. கடைசி மூன்றடி, தேக்சா தன் இஷ்டத்துக்கு இறங்கியது.

டயரில் தொம்மென்று விழுந்து, ஒரு தடவை எம்பி, சாய்ந்தது. உள்ளே படீரென்று ஒரு சத்தம்.

நூர்நிஷா எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. வந்து சேர்ந்தபோது பீர் மைதீன் மண்ணில் முட்டி போட்டு, தேக்சாவுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். கை வெளியே வந்தபோது அதில் தேங்காய் அளவு சிமென்ட்டுக் கட்டி ஒன்று இருந்தது. அப்புறம் இன்னொன்று. சாய்த்ததும் மீதி எல்லாம் குழலிலிருந்து புட்டு விழுவது போலப் பொலபொலவென்று கொட்டியது.

"எந்தச் சிமென்ட்டு வாப்பா போட்டீங்க?" என்றாள் ஹம்னா.

"குளியலறை கட்டும்போது மிஞ்சுன மூட்டை."

"அது கட்டி அஞ்சு வருசமாச்சே!"

ஐந்து நாள் பாடு, கெட்டுப்போன சிமென்ட்டாகக் காலடியில் கிடந்தது. பீர் மைதீன் அதைப் பார்க்கவேயில்லை. தேக்சாவைத் திருப்பித் திருப்பி, விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பெயருக்குப் பக்கத்தில் கட்டைவிரல் புதைகிற அளவு ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

"உம்மா பேருக்கு ஒண்ணும் ஆகல நூரு. பள்ளத்தை எபனேசர்ட்ட குடுத்து நிமித்திருதேன்."

"கெடக்கட்டும்" என்றாள் நூர்நிஷா. "நீங்க எந்திரிங்க, முதுகு புடிச்சுக்கிடப் போகுது."

புளியும் சாம்பலும் போட்டு மூன்று தடவை தேய்த்தாள். தேக்சா புதுப்பெண் மாதிரி மின்னியது.

நல்லக்கண்ணு விசிலைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, குற்ற உணர்ச்சியோடு ஒரு மடித்த தாளை எடுத்தார். "தங்கச்சி, பாய் சொல்லுதாரு, உன் பேரை அடிக்கணுமாம். அடிச்சிரவா?"

"அடிச்சிரும் வே" என்றார் பீர் மைதீன்.

"பொறுங்க அண்ணாச்சி. அந்த லிஸ்ட்டைக் காட்டுங்க." பேனா திறந்திருக்கும்போதும் அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. "பொம்பளைங்க எத்தனை பேரு இருக்காவ?"

"அம்பது வயசுக்கு மேல ரெண்டே பேருதான்."

நூர்நிஷா தாளை வாங்கினாள். கடைசி வரியில் அவள் பெயர். அதற்கு மேல் வரியைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். தலையை நிமிர்த்தினாள்.

ஆவுடைத்தாய் தேக்சாவை ஒற்றைக் கையால், ஒரு வளையத்தைப் பிடித்து, தூக்குச் சட்டியைத் தூக்குவது போல ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆவுடைக்கா! காலையில என் வாயைக் கிண்டத்தான் வந்தீகளா?"

"தேக்சாவுக்கும்தான் வந்தேன்" என்றாள் ஆவுடைத்தாய், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "பேரன் பதினாலு கிலோ நூரு. நாள் முழுக்க இடுப்புலதான் கெடக்கான். எனக்கெல்லாம் போட்டிக்குத் தனியாப் பயிற்சி வேண்டாம்." ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். "தேக்சா திங்கக்கிழமை வரும். வெறுமனே அனுப்ப மாட்டேன், தெரியும்லா?"

அதில் என்ன வைத்து அனுப்புவேன் என்று அவள் சொல்லவில்லை. ஒரு சிரிப்பை மட்டும் விட்டுவிட்டுப் போனாள்.

நல்லக்கண்ணு பேனாவோடு நின்றார். நூர்நிஷா தாளை நான்காக மடித்து அவர் சட்டைப்பையில் வைத்தாள்.

ஆட்டோ திரும்பும் வரைக்கும் தெருவில் நின்றாள். பிறகு எரிகிற உள்ளங்கையை ஊதிக்கொண்டே, உடைந்த கட்டிகளை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்த வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"அடுத்த கல்லை எதுல ஊத்தப் போறீக?"

பீர் மைதீனின் கை அப்படியே நின்றது.

"வாளியில ஊத்துங்க" என்றாள் நூர்நிஷா. "புதுச் சிமென்ட்டு. வாயி அகலமா இருக்கணும்."